நாற்பது மணி நேரப் பொய்

அச்சகத்தில் அவருக்கு நங்கூரம் என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் இறங்கினால் மாலை ஐந்து வரை எந்தப் புயலுக்கும் அசைய மாட்டார். மெய்ப்புத் திருத்துவது அவருடைய வேலை. வலது கையில் சிவப்புப் பேனா சுழிக்கும். இடது கை தாளின் மூலையில் அப்படியே கிடக்கும். காற்றில் தாள் பறக்காமல் இருக்க மற்ற மேசைகளுக்கெல்லாம் எடைக்கல் உண்டு. நங்கூரத்தின் மேசைக்கு மட்டும் யாரும் வாங்கித் தரவில்லை. தேவைப்படவில்லை.

இப்படிப்பட்டவரிடம் டாக்டர், "தினமும் காலையில ஒரு மணி நேரம் நடங்க" என்று சொல்லிவிட்டார். அதையும் மனைவியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். மனைவி தபால்காரர். நாளைக்கு முந்நூறு வீடு ஏறி இறங்குகிறவர். நடப்பது ஒரு கஷ்டம் என்பதே அவருக்குப் புரியாது.

"நடப்பீங்களா, இல்ல தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்றார், வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே.

அந்தத் தம்பி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். போன வருஷம் நான்கே நாள் வந்து தங்கினார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டில் அருகே நின்று விசில் ஊதினார். குளியலறைக்குப் போகும் வழியில் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, "அத்தான், வளைஞ்சு வளைஞ்சு போங்க" என்றார். இந்த முறை வந்தால் ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு.

"நடக்கிறேன்" என்றார் நங்கூரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது தெரு முனை வரை நடக்கவும் செய்தார். அங்கே அவருடைய பழைய சிநேகிதரின் முடிதிருத்தும் கடை இருந்தது. பின்னால் சாயும் நாற்காலி இருந்தது. ஏழு மணிக்கு சிநேகிதர் தட்டி எழுப்பி, தண்ணீர் பீச்சும் புட்டியால் நெற்றியில் நாலு, முதுகில் ஆறு என்று வியர்வை போட்டு அனுப்புவார்.

"அக்குள்ல போடுடா. அங்கதானே முதல்ல வேர்க்கும்."

"தூக்குங்க கையை. அதுக்காவது ஒரு உடற்பயிற்சி ஆகட்டும்."

ஒரு மாதம் இப்படியே ஓடியது. கணவர் நனைந்து நனைந்து வருவதைப் பார்த்த மனைவிக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் பரிசளித்தார். எஃகு உடம்பு, எஃகுப் பட்டை. ஆட்டோமேட்டிக். "இதுக்கு பேட்டரி வேண்டாமாம், சாவி கொடுக்க வேண்டாமாம். கட்டிக்கிட்டு நடமாடினாலே ஓடுமாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் கடிகாரம் நின்றுவிட்டது.

மனைவிக்குக் கோபம் கடிகாரத்தின் மேல்தான். அன்று மாலையே கடிகாரத்தையும் கணவரையும் இழுத்துக்கொண்டு வாட்ச் ரிப்பேர் கடைக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று நிமிஷம் கழித்து கணவரும் வந்து சேர்ந்தார்.

அந்தக் கடைக்காரரை எல்லோரும் லென்ஸக்கா என்பார்கள். வலது கண்ணில் கறுப்புக் குழல் மாதிரி ஒரு லென்ஸைச் செருகியிருப்பார். பேசும்போதும் கழற்ற மாட்டார். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். மணி என்ன என்று கேட்டால், மணி எப்படி வருகிறது என்று சொல்லுவார்.

"உள்ள பார்த்திருக்கீங்களா? பார்க்காம வாட்ச்சு கட்டுறதே பாவம்" என்று சொல்லிக்கொண்டே பின்மூடியைத் திருகிக் கழற்றினார். "இதோ, அரை வட்டமா ஒரு தகடு இருக்கே, இதுதான் ரோட்டர். ஒரு பக்கம் மட்டும் கனம். நீங்க கையை எப்படித் திருப்பினாலும் கனமான பக்கம் கீழ விழப் பார்க்கும். விழுறப்ப சுத்தும். சுத்துறப்ப இந்தப் பல்சக்கரங்களைத் தள்ளும். அது போய் இந்த உருளைக்குள்ள இருக்கிற மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். அதுதான் வாட்ச்சோட வயிறு. வயிறு முழுசா ரொம்பினா நாற்பது மணி நேரம் ஓடும்."

"அப்ப ஏன் நிக்குது அக்கா?" என்றார் மனைவி.

லென்ஸக்கா கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் ஆட்டினார். மயிரிழை போன்ற ஸ்பிரிங்கின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் துடிக்கத் தொடங்கியது. ஒரு நொடிக்கு ஆறு துடிப்பு. நங்கூரம்கூடத் தன்னை மறந்து பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

"குறை ஒண்ணும் இல்லையேம்மா. பசியில நின்னிருக்கு. கட்டுறவருக்குக் கை அசையலை."

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாரு அக்கா! சொட்டச் சொட்ட வர்றாரு!"

லென்ஸும் வெறுங்கண்ணும் சேர்ந்து நங்கூரத்தைப் பார்த்தன. "நடக்கும்போது கையைப் பாக்கெட்டுல விட்டுக்குவீங்களோ?"

நீரில் மூழ்குகிறவருக்குக் கட்டை கிடைத்தது. "ஆமாம்மா. சின்ன வயசுப் பழக்கம்."

"இனிமே வீசி நடங்க" என்றார் மனைவி. "இது மறுபடி நின்னுச்சுன்னா நீங்க நடக்கலைன்னுதான் அர்த்தம். தம்பிக்கு எழுதிப் போட்டுடுவேன். நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டும் வருவேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நங்கூரத்தின் புளுகுக்கு இனி நாற்பது மணி நேரம்தான் ஆயுள்.

மறுநாள் காலை முடிதிருத்தும் கடையில் அவசரக் கூட்டம் நடந்தது.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை? கழற்றிக் கையில வச்சு ஆட்டுங்க" என்றார் சிநேகிதர்.

நங்கூரம் ஆட்டினார். இரண்டாவது நிமிஷத்தில் தோள்பட்டை வலித்தது. "டேய், இதுக்கு நடந்துட்டே வந்திருக்கலாம்டா."

"வேற எதையாவது ஆட்ட வைப்போம்" என்று சிநேகிதர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, ஓர் இறக்கையில் கடிகாரத்தை ரப்பர் வளையங்களால் கட்டி, மறுபடி போட்டார்கள். ஒரு மணி நேரம் சுற்றியது. கடையே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுவது போலிருந்தது. அன்றைக்கு முகம் மழிக்க வந்த ஒருவர் மேலே பார்த்துவிட்டு, பாதி முகத்தோடு போயே போய்விட்டார்.

கடிகாரம் மாலைக்குள் சோர்ந்துவிட்டது. மனைவி பார்ப்பதற்குள் நங்கூரம் தோள் வலிக்க ஆட்டி அதற்கு உயிர் கொடுத்தார். அது சோர்ந்த காரணம் எளிது; தெரிந்திருந்தால் இரண்டு பேரும் ரப்பர் வளையத்தை வீணாக்கியிருக்க மாட்டார்கள். வேகமாகச் சுற்றும் எதிலும் கனமான பொருள் வெளிப்பக்கம் ஒதுங்கும். ரோட்டரின் கனமான பக்கமும் இறக்கை நுனியைப் பார்த்து ஒதுங்கி, அங்கேயே ஒட்டிக்கொண்டு சவாரி செய்தது. கடிகாரம் முழுவதும் சுற்றியது. உள்ளே எதுவும் சுற்றவில்லை. ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவர் மைல் கணக்கில் பயணம் செய்தாலும் கால் வலிக்காதே, அது மாதிரி.

அடுத்த நாள் சிநேகிதர் ஓர் இழுப்பறையிலிருந்து பழைய மசாஜ் மெஷினைத் தேடி எடுத்தார். புறங்கையில் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் தலையில் வைத்தால், பல்செட்டு தனியாகப் பேசும். அதைப் போட்டு, கடிகாரத்தை அதன் முதுகில் செங்குத்தாகப் பிடித்ததும் உள்ளே ரோட்டர் சரசரவென்று நடுங்கிச் சுற்றும் சத்தம் கேட்டது.

"ஏறுது! ஏறுது!" என்றார் சிநேகிதர்.

நங்கூரம் நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

அதன் பிறகு கடிகாரம் நிற்கவே இல்லை. இன்னும் சொல்லப்போனால், அளவுக்கு மீறி ஓடியது. முதல் நாளே இருபது நிமிஷம் முன்னால் போயிற்று. அடுத்த நாளிலிருந்து நாளுக்கு நாற்பது நிமிஷம். நங்கூரம் அதைப் பார்த்துக் கிளம்பிப்போய், அச்சகத்துப் பூட்டின் முன்னால் நின்றார். பகல் சாப்பாட்டை மற்றவர்கள் காபி குடிக்கும்போதே முடித்தார். மாலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து புறப்பட்டதைப் பார்த்து அச்சக முதலாளி, "நங்கூரத்தை யாரோ தூக்கிட்டாங்கப்பா!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டிரில் மாஸ்டர் சோதனைக்கு வந்தார். அத்தானின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பது போல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐம்பது நிமிஷம் முன்னாடி போகுதே அத்தான்?"

"நேத்துக் காலையிலதான் சரியா வச்சேன்" என்று சொல்லிவிட்டு நங்கூரம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

டிரில் மாஸ்டரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அக்கா! உனக்குப் புரியுதா? சைக்கிள்ல வேகமா மிதிச்சா வேகமா போகும். அத்தான் அவ்வளவு வேகமா நடக்கிறாரு. அதான் வாட்ச்சே வேகமா ஓடுது!"

"அப்படியாங்க?" என்றார் மனைவி. அந்தக் குரலில் இருந்த மரியாதையைக் கல்யாணமான நாளிலிருந்து நங்கூரம் கேட்டதில்லை.

"இருக்கலாம்" என்றார் அடக்கமாக. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "திருப்பங்கள்ல கொஞ்சம் ஓடுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"என் பள்ளிக்கூடத்துல எல்லாப் பசங்களுக்கும் இதைக் காட்டணும். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். அதுக்கு முன்னாடி கடைக்காரம்மா வாயால ஒரு தடவை கேட்டுக்குவோம், வாங்க!"

நங்கூரத்துக்குத் தலைவலி, முழங்கால் வலி, காதுவலி மூன்றும் வந்தன. எதுவும் பலிக்கவில்லை. நடையில் அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. இடையில் அகப்பட்டவர் கிட்டத்தட்டத் தூக்கிச் செல்லப்பட்டார்.

லென்ஸக்கா சைக்கிள் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, மேசையில் கையூன்றிச் சிரித்தார்.

"தம்பி, நீங்க வயிறு நிறையச் சாப்பிட்டா உங்க இதயம் ரெண்டு மடங்கு வேகமாவா அடிக்கும்? மெயின் ஸ்பிரிங் சோறு போடும், அவ்வளவுதான். வேகத்தைத் தீர்மானிக்கிறது இந்தத் துடிக்கிற சக்கரமும் அதுமேல சுருண்டிருக்கிற ஹேர் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் நீளமா இருந்தா மெதுவா ஆடும். குட்டையா இருந்தா படபடன்னு ஆடும். இது படபடக்குது. அப்ப ஸ்பிரிங் குட்டையாயிருக்கு. எப்படிக் குட்டையாகும்?"

"விடுங்கம்மா, கொஞ்சம் முன்னாடி போனா நல்லதுதான்" என்றார் நங்கூரம். "எங்கயும் தாமதமாகாது."

"அட, இருங்க. இதுலதான் சுவாரஸ்யமே இருக்கு." லென்ஸக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து, அதன் பக்கத்தில் கடிகாரத்தைக் கொண்டுபோனார். முள் விலுக்கென்று திரும்பிக் கடிகாரத்தைக் காட்டியது. சுற்றி நின்றவர்களில் நங்கூரத்துக்கு மட்டும் அது தன்னைக் காட்டுவது போலிருந்தது.

"காந்தம் ஏறியிருக்கு! சுருள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. பத்தடிக் கயித்துல அஞ்சடியை முடிச்சுப் போட்ட மாதிரி. அதான் வேகம்."

"நடந்தா காந்தம் ஏறுமா அக்கா?" என்றார் மனைவி.

"நடந்தா எங்க ஏறும்? மின்சாரச் சுருள் இருக்கிற சாமான் பக்கத்துல போயிருக்கணும். ஒலிபெருக்கி, மோட்டார்... ஆனா இவ்வளவு ஏறணும்னா ஒட்டி உரசியிருக்கணும்." அவர் கடிகாரப் பட்டையை லென்ஸுக்கு நேராகத் தூக்கினார். கண்ணிகளுக்கு இடையிலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்தார். வெள்ளைத் தாளில் வைத்தார். இன்னொன்று எடுத்தார். "இது என்ன... முடி. கறுப்பு ஒண்ணு. நரை ரெண்டு. இது சுருட்டை. எல்லாம் வெட்டின முடி."

கடையில் இருந்த எல்லோரும் நங்கூரத்தின் தலையைப் பார்த்தார்கள். அது பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் மருந்துக்கும் ஒரு மயிர் இல்லாமல் பளபளத்தது.

"ஓ! சலூன்ல மசாஜ் மெஷின் இருக்குமே!" என்று லென்ஸக்கா கைதட்டினார். பாவம், அவருக்கு விடை கிடைத்த மகிழ்ச்சிதான். வேறு விபரீதம் எதுவும் அவருக்குத் தெரியாது. "அதுக்குள்ள மின்காந்தம்தான் அடிச்சு அடிச்சு ஆட்டுது. ஒட்டி வச்சிருக்கிறப்பவே டக்குனு ஆஃப் பண்ணினா காந்தம் உள்ளயே தங்கிடும். அதே மாதிரி சுருள்தான் இந்தப் பெட்டியிலயும் இருக்கு, பாருங்க. ஆனா நான் மெதுவா விலக்கிக்கிட்டே போவேன். காந்தம் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு போயிடும்." செய்தும் காட்டினார். திசைகாட்டியின் முள் இந்த முறை அசையவில்லை. "ஆனா ஒரு வாட்ச்சை எதுக்கு மசாஜ் மெஷின்ல வைக்கணும்? அது ஒண்ணுதான் எனக்குப் புரியலை."

"எனக்குப் புரியுது அக்கா" என்றார் மனைவி.

நங்கூரம் ஒப்புக்கொண்டார். நாற்காலி, தண்ணீர்ப் புட்டி, மின்விசிறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மின்விசிறி விஷயத்தில் மட்டும் லென்ஸக்கா குறுக்கிட்டு, "வெளிப்பக்கமா ஒட்டிக்கிட்டிருக்குமே, ஏறியிருக்காதே?" என்று ஆர்வத்தோடு விசாரித்தார். "ஏறலைம்மா" என்று நங்கூரம் மனம் நொந்து சொன்னார்.

டிரில் மாஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். "புதன்கிழமை பெட்டியோட வர்றேன். ஒரு மாசம். கூம்பு போன தடவை ரெண்டு. இப்ப எட்டு."

"மச்சான், என் உடம்பு தாங்காதுடா."

"என்னைப் பாருங்க அத்தான்! இந்த வாட்ச்சை என் கையில கட்டினா ஒரு நாள்ல ஸ்பிரிங் தெறிச்சுப் போயிடும்."

"தெறிக்காது தம்பி" என்றார் லென்ஸக்கா. தவறான கருத்து ஒன்று காற்றில் மிதந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. "நிறைஞ்சதும் ஸ்பிரிங்கோட வெளிநுனி உருளைச் சுவர்ல வழுக்கி விட்டுடும். எவ்வளவு ஆட்டினாலும் ஒண்ணும் ஆகாது. வேணும்னா கட்டிப் பாருங்க."

"கட்டிக்கிறேன். அத்தானுக்கு உழைக்கிற கை எப்படி இருக்கும்னு தெரியட்டும்." தன் பேட்டரிக் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு எஃகுப் பட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டில் யாரும் நங்கூரத்தோடு பேசவில்லை. மனைவி தபால் பையை மாட்டும்போதும் கழற்றும்போதும் அவரைப் பார்த்து மூச்சு மட்டும் விட்டார். நங்கூரம் கட்டிலடியில் கூம்பு வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தார். எட்டும் தாராளமாகப் பிடிக்கும்.

புதன்கிழமை மாலை வாசலில் விசில் சத்தம் கேட்டது. டிரில் மாஸ்டர் பெட்டியும் கூம்புகளுமாக உள்ளே வந்தார்.

"எங்க, உழைக்கிற கையைக் காட்டு" என்றார் அக்கா.

தம்பி பெருமையோடு மணிக்கட்டை நீட்டினார். அக்கா பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். மறுபடி பார்த்தார்.

"டேய். பத்து பத்துல நின்னிருக்கு. தேதி நேத்து."

"சும்மா இரு அக்கா." டிரில் மாஸ்டர் பிடுங்கிப் பார்த்தார். தட்டினார். "நான் மணி பார்க்கலையே... மைதானத்துல கழுத்துல ஸ்டாப்வாட்ச் தொங்குது, அதைத்தான் பார்ப்பேன்... இது கெட்டுப்போன வாட்ச்சு!"

"மைதானத்துல என்ன செய்வே நீ?"

"ஓட விடுவேன்."

"யாரை?"

"பசங்களை."

"நீ?"

"நான் விசில்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வலது கை தானாகவே உயர்ந்து விசிலைப் பிடித்திருந்தது. இடது கை தானாகவே இடுப்பில் ஊன்றிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக அந்தக் கை அங்கேதான் இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சிலைக்குக்கூட அவ்வளவு உறுதி வராது.

நங்கூரத்துக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினார். அடக்கியது மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. "மச்சான்... நீயும்... என் வகையறாடா!"

"அத்தான், நான் தனி!"

"நாற்காலி மட்டும்தான் இல்லை. மத்தபடி ஒண்ணுதான்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிக்கிறவன் உட்கார்ந்திருக்கிறவருக்கு நடக்கச் சொல்லித் தரப்போறானாம். காபி குடிச்சிட்டு ஊருக்குப் போடா."

டிரில் மாஸ்டர் காபியைச் சூட்டோடு விழுங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். கூம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். நங்கூரம் வாசல்வரை வந்து வழியனுப்பினார். உலகமே லேசாக இருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

மனைவி அந்தக் கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டுக்கொண்டே, "நாளையிலேருந்து நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எங்க?"

"என் ரூட்டுல. நீங்க அச்சகம் போறதுக்குள்ள பாதி முடிச்சிடலாம். நூற்றைம்பது வீடுதான். அதுல நாற்பது மாடி. பையை நீங்க எடுத்துக்குங்க, கை தானா வீசும். நடுவுல உட்காரக் கூடாது, நாய் வரும்."

நங்கூரம் எழுந்தார். ஷூ போட நேரமில்லை. வெறுங்காலோடு வாசலுக்குப் பாய்ந்து, படியைத் தாண்டி, தெருவில் இறங்கினார். முனையில் டிரில் மாஸ்டர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"மச்சான்! டேய் மச்சான்! போகாதடா! ஒரு மாசம் இருடா! பன்னிரண்டு கூம்பு வேணும்னாலும் வை!"

டிரில் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அத்தான் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, பெட்டியோடு ஓட்டம் பிடித்தார். கக்கத்திலிருந்து கூம்புகள் ஒவ்வொன்றாகத் தெருவில் உருண்டன. நங்கூரம் அவற்றினூடே வளைந்து வளைந்து துரத்திக்கொண்டு ஓடினார்.

"இந்த வேகம் போதுங்க!" என்று வாசலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "காலையிலயும் இப்படியே வாங்க!"